ஸ்திரீகளின் வலியும் ஆடவரின் செவியும்

இந்தப் பத்தியில் இன்று எழுதப் புகும் விஷயத்தைக் கண்டதும் நேயர்களிற் சிலர் முகம் சுளிக்கக்கூடும் என்பதை நாம் அறிவோம். வரியைப் பற்றியும், தேர்தலைப் பற்றியும், ஆற்று நீர்ப் பங்கீட்டைப் பற்றியும் எழுத வேண்டிய இடத்தில் ஸ்திரீகளின் மாதாந்தர உபாதையைப் பிரஸ்தாபிப்பானேன், அதற்கென்று வைத்தியப் பத்திரிகைகளும் மாதர் பகுதிகளும் இல்லையா என்று அவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வியிலேயே நோயின் பாதி அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். வீட்டில் ஒருவர் மாதந்தோறும் இரண்டு மூன்று நாள் சுருண்டு கிடக்கிறார். அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதா வேண்டாமா, எந்த வைத்தியரிடம், எவ்வளவு செலவில் என்பதையெல்லாம் பெரும்பாலான குடும்பங்களில் தீர்மானிப்பவர் ஆடவர். தொழிற்சாலையில் லீவு கொடுப்பவரும் பெரும்பாலும் ஆடவரே. சட்டசபையில் கை தூக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோரும் ஆடவரே. தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கைக் கேட்க மாட்டோம் என்று சொல்லுவது எந்த நியாயஸ்தலத்துக்கும் அடுக்காது.

வழக்கைக் கேளாமல் தீர்ப்புச் சொன்ன குற்றத்தை நாமே செய்திருக்கிறோம். நமது காரியாலயத்தில் கணக்குப் பகுதியில் ஓர் அம்மாள் இருக்கிறார். முப்பது வயதுக்குச் சற்று மேற்பட்டவர். வேலையில் குறை சொல்ல முடியாதவர். ஆனால் ஒவ்வொரு மாதமும் இரண்டு நாள் வரமாட்டார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வேண்டிய சமயத்தில் இப்படி ஒரு தடவை நேர்ந்தபோது, நாம் அவரைக் கூப்பிட்டு, வக்கீல் தொழிலின் பழக்கத்தினால் குறுக்கு விசாரணை செய்துவிட்டோம். இது மாதா மாதம் நேருவானேன், இதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டோம். மறுநாள் அவர் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொணர்ந்து மேஜைமீது வைத்தார். சினைப்பைகளில் நீர்க்கட்டிகள் காணப்படுவதாக அதில் கண்டிருந்தது. “இது இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறதே அம்மா! எங்கள் உறவிலேயே நாலு பெண்களுக்கு உண்டு. ஒருவரும் இப்படிப் படுத்துக்கொள்வதில்லை” என்று நாம் சொன்னோம். அவர் பதில் பேசவில்லை. காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பின் எட்டு மாதம் அவர் லீவு கேட்கவேயில்லை. நமது விசாரணை பலித்ததென்றே நாம் எண்ணியிருந்தோம். கணக்கு முடிக்கும் நாட்களில் மாத்திரைகளை ஒன்றுக்கு மூன்றாக விழுங்கிவிட்டு, வெந்நீர்ப் புட்டியை மடியில் வைத்து மறைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஒன்பதாம் மாதம் மாடிப்படியில் மயங்கி விழுந்தார். வேறொரு வைத்தியசாலையில் ஒரு பெண் வைத்தியர் அவரை அரைமணி நேரம் உட்கார்த்தி வைத்து, வலி எந்த வயதில் தொடங்கிற்று என்பது முதல் மலங்கழிக்கும்போது வலிக்கிறதா என்பது வரையில் ஒன்றையும் விடாமல் கேட்டார். பதினான்கு வயது முதலே வலி உண்டு. அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. சத்திரசிகிச்சையில் கண்டது நீர்க்கட்டியன்று; எண்டோமெட்ரியோஸிஸ் என்னும் வேறொரு வியாதி, கர்ப்பப்பையின் பின்புறத்தைக் குடலோடு பசை போட்டாற்போல் ஒட்டவைத்திருந்தது. நீர்க்கட்டி என்ற பெயர் அத்தனை வருஷமாக அதற்குத் திரையாக இருந்திருக்கிறது. அந்த அம்மாளின் சம்மதத்தின் பேரிலேயே இதை எழுதுகிறோம்.

இந்த இரண்டு வியாதிகளையும் பிரித்தறிவது இங்கு முக்கியம். ஆகவே நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும். ஊரில் நீர்க்கட்டி என்று வழங்குவதற்கு வைத்திய சாஸ்திரத்தில் பாலிஸிஸ்டிக் ஓவரி ஸிண்ட்ரோம் என்று பெயர். பிஸிஓஎஸ் என்று சுருக்கிச் சொல்வர். 1935-ல் சிகாகோ நகரத்து வைத்தியர்களான இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் இருவரும் ஏழு ஸ்திரீகளின் நிலையை ஆராய்ந்து எழுதிய கட்டுரையினால் இது பிரசித்தமாயிற்று. வம்பெல்லாம் பெயரில் இருக்கிறது. ஸ்கேன் படத்தில் முத்துக் கோத்தாற்போல் தெரிபவை கட்டிகளே அல்ல. மாதம் ஒன்றாக முதிர்ந்து முட்டையை வெளிப்படுத்த வேண்டிய சின்னஞ்சிறு பைகள், பாதி வளர்ச்சியில் நின்று போனவை அவை. வியாதியின் மூலம் சுரப்பிகளின் ஒழுங்கீனத்தில் இருக்கிறது. ஆண்பாற் சுரப்பு மிகுகிறது. பலருக்கு இன்சுலின் இருந்தும் அது செய்ய வேண்டிய வேலையைச் சரிவரச் செய்வதில்லை. அதனால் மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் ரோமம் முளைக்கிறது, பரு வருகிறது, தலைமயிர் உதிர்கிறது, கர்ப்பம் தரிப்பது தாமதப்படுகிறது, பிற்காலத்தில் நீரிழிவு வருவதற்கு இடமேற்படுகிறது. இந்தப் பெயர் குழப்பத்தை விளைக்கிறது, மாற்ற வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார ஸ்தாபனம் கூட்டிய நிபுணர் குழுவே 2012-ல் சிபார்சு செய்தது. நாமோ தமிழிலும் அதே பிழையை மொழிபெயர்த்து, நீர்க்கட்டி என்று வீடுதோறும் வழங்கி, கட்டி என்றவுடன் கத்தியை நினைக்கும் பெண்களை வீணாக நடுங்க வைத்திருக்கிறோம்.

2003-ல் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் இவ்வியாதியை நிச்சயிப்பதற்கு மூன்று குறிகளை வகுத்தார்கள். முட்டை ஒழுங்காக வெளிப்படாமை ஒன்று. ஆண்பாற் சுரப்பு மிகுதி ஒன்று. ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் ஒன்று. இதே தோற்றத்தைத் தரும் மற்ற வியாதிகள் இல்லையென்று தெளிந்தபின், மூன்றில் இரண்டு இருந்தால் போதும். கடும் வலி என்பது இந்த மூன்றில் ஒன்றாக இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மாதக்கணக்கில் தள்ளிப்போன விடாய் வரும்போது அதிகமாகப் போவதும், அப்போது வலி இருப்பதும் உண்டு; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆளைச் சுருட்டிப் போடுகிற, வாந்தி எடுக்க வைக்கிற, விடாய் இல்லாத நாட்களிலும் விடாமல் குடைகிற அடிவயிற்று வலிக்குப் பிஸிஓஎஸ் மாத்திரம் காரணம் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவதற்கு சாஸ்திரத்தில் ஆதாரமில்லை. அத்தகைய வலி உள்ள இடத்தில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஒரே ஸ்திரீக்கு இரண்டு வியாதிகளும் இருக்கலாம்; ஒன்று அகப்பட்டுவிட்டது என்பதனால் மற்றொன்று இல்லையென்று ஆகிவிடாது.

தேட வேண்டிய காரணங்கள் பல. முதலாவது, மேலே சொன்ன எண்டோமெட்ரியோஸிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு அதற்கு வெளியே, சினைப்பையிலும் வயிற்றுச் சவ்விலும் சில சமயம் குடலிலும் வளர்ந்து, அந்த இடங்களில் அழற்சியையும் தழும்பையும் உண்டாக்குகிறது. உலகத்தில் பிள்ளைபெறும் வயதிலுள்ளவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, அதாவது ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, இது உண்டென்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பிரிட்டனில் சராசரி எட்டு வருஷம் பிடிக்கிறதென்று அந்நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர் குழு 2020-ல் அறிக்கை வெளியிட்டது. சாதாரண ஸ்கேனில் இது தெரியாமலே போகலாம். ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்பது வலி பொய் என்பதற்கு அத்தாட்சியாகாது. இதே திசு கர்ப்பப்பையின் தசைக்குள் புகுந்துகொண்டால் அதை அடினோமயோஸிஸ் என்பர். அன்றியும் கிருமிகளினால் உண்டாகும் அழற்சி இருக்கிறது. நம் தேசத்தில் க்ஷயரோகம் நுரையீரலை விட்டுக் கர்ப்பப்பைக் குழாய்களில் குடியேறுவதும் அபூர்வமன்று. திடீரென்று ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்து வாந்தியும் சேர்ந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கர்ப்பம் குழாயில் தங்கியிருக்கலாம். இவற்றில் மணிக்கணக்கில் தாமதித்தாலும் ஆபத்து. இவளுக்கு மாதா மாதம் உள்ளதுதானே என்று இரவெல்லாம் கஷாயம் போட்டுக் கொடுத்து, விடியற்காலையில் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பங்கள் உண்டு.

இன்னொரு விநோதத்தையும் சொல்ல வேண்டும். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நாடெங்கும் நடந்து 2024-ல் வெளியான ஆராய்ச்சியில், ராட்டர்டாம் அளவுகோலின்படி 100 பெண்களில் சுமார் 20 பேருக்குப் பிஸிஓஎஸ் இருந்தது. பழைய கடுமையான அமெரிக்க அளவுகோலை வைத்தால் அதே கூட்டத்தில் சுமார் 7 பேருக்கே இருந்தது. உலகத்தில் இவ்வியாதி உள்ளவர்களில் 100-க்கு 70 பேர் வரையில் அது தமக்கிருப்பதையே அறியார் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. ஆக, ஒரு பக்கத்தில் வியாதி இருந்தும் பெயர் இடப்படாதவர்கள் பலர். மறுபக்கத்தில் அந்தப் பெயரை இட்டுவிட்டு, வேறு எதையும் தேடாமல் அனுப்பப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நமது கணக்கர் அம்மாள் இரண்டாவது கக்ஷி.

நாம் சட்டம் படித்தவர்களாதலால் நமக்குத் தெரிந்த பாஷையில் ஒன்று சொல்ல விரும்புகிறோம். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் நமது கோர்ட்டுகளை ஆண்டது. அதன் 14-ஆம் பிரிவு, ஒருவரின் மனநிலையையும் உடல்நிலையையும் உடலில் அவர் உணர்வதையும் காட்டுகிற சங்கதிகள் வழக்குக்குச் சம்பந்தமுள்ளவை என்று விதித்தது. அதற்குக் கொடுத்த உதாரணங்களில் ஒன்று: ஒருவன் விஷத்தினால் மாண்டானா என்பது கேள்வியானால், நோயாய்க் கிடந்தபோது தன் நோய்க்குறிகளைப் பற்றி அவன் சொன்னவை சம்பந்தமுள்ள சங்கதிகளாம். ஒரு விஷயத்தை ரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கேட்கவில்லை. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அதன் ஸ்தானத்திற்கு வந்திருக்கும் புதிய சட்டமும் இவ்விஷயத்தில் வேறுபடவில்லை. கொலை வழக்கில் மாண்டவனின் வாய்ச்சொல்லை ஏற்கும் நாம், உயிரோடு எதிரில் நின்று, இங்கே வலிக்கிறது, இத்தனை நாளாய் வலிக்கிறது என்று சொல்லும் ஸ்திரீயிடம் மட்டும் காகிதத்தில் ருசு கேட்கிறோம். வலிக்கு அதை உணர்கிறவரைத் தவிர வேறு கண்கண்ட சாட்சி கிடையாது. அந்த ஒரு சாட்சியை நம்ப மறுத்தால் வழக்கே இல்லை.

இந்தச் சாட்சியைக் கேட்கும் காது வேண்டும் என்பதற்காகவே சென்னையில் ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது. சென்னையில் பாரிஸ்டராக இருந்த ஒருவரின் மனைவியாகிய மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேய மாது, ஆண் வைத்தியரிடம் காட்டக் கூசிய நம் ஸ்திரீகள் படும் அவஸ்தையைக் கேள்விப்பட்டு, தாமே வைத்தியம் படிக்கத் துணிந்து, 1875-ல் வேறு மூன்று பெண்களோடு சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். 1885-ல் அவர் முயற்சியால் தொடங்கிய வைத்தியசாலையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தியின் பெயரால் விளங்குகிறது. இப்போது பெண் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஸர்க்கார் ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், ஒரு நோயாளிக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள் என்று அந்த வைத்தியரிடம் கேட்க நமக்கு வாய் வராது. அது வைத்தியரின் குற்றமன்று. வைத்தியர்களின் எண்ணிக்கையையும் வரவுசெலவுத் திட்டத்தையும் தீர்மானிக்கிறவர்களின் குற்றம். நேயர்களில் அரசியல் வேலை செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

வீட்டிற்கு வருவோம். நமது பாஷையிலேயே ஒரு குறை இருக்கிறது. விலக்கு என்கிறோம், தூரம் என்கிறோம், வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்கிறோம். இந்தச் சொற்களெல்லாம் அவள் எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லுகின்றன. எப்படி இருக்கிறாள் என்பதைச் சொல்லும் சொல் ஒன்றுகூட வழக்கத்திற்கு வரவில்லை. வலி என்று சொன்னால் கிடைக்கும் பதில்களும் பழகியவையே. ‘எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் சொன்னதுண்டா’ என்பது ஒன்று. ‘கல்யாணமானால் சரியாய்ப் போய்விடும்’ என்பது இன்னொன்று. கல்யாணம் ஆனபின், ‘ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும்’ என்பது. குழந்தை பிறப்பதையே இவ்விரண்டு வியாதிகளும் தாமதப்படுத்தக்கூடும் என்பதை அறிந்தால், இந்த யோசனை எவ்வளவு கொடுமையானது என்பது விளங்கும். வியாதியை மறைத்துப் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பிற்பாடு ஏமாற்றிவிட்டார்கள் என்று பிள்ளை வீட்டார் கோர்ட்டுக்கு வரும் வழக்குகளை நாமே நடத்தியிருக்கிறோம். அந்த வழக்குகளில் பெண்ணின் வலியைப் பற்றி இரு தரப்பு வக்கீல்களும் பேசியதாக நமக்கு ஞாபகமில்லை. நாமும் பேசவில்லை.

வலியோடு காலந்தள்ளுகிறவர்கள் செய்யக்கூடியது பல இருக்கிறது. பாட்டி கொடுக்கும் வெந்நீர் ஒத்தடத்தை இக்காலத்து ஆராய்ச்சியும் ஆதரிக்கிறது. மாத்திரை விஷயத்தில் மட்டும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, தாங்க முடியாதபோது ஒன்று போடுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்து வலியை எழுப்புவது புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள். ஆஸ்பிரின் வர்க்கத்து மருந்துகள் அந்தப் பொருளின் உற்பத்தியையே தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971-ல் காட்டினார். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர் ஒருவர். ஆகவே இந்த வர்க்கத்தைச் சேர்ந்த ஐபுபுரோபென், மெபெனமிக் அமிலம் முதலியவை, வைத்தியர் குறித்த அளவில், உணவுக்குப் பின், வலி தலைகாட்டும்போதே எடுத்துக்கொண்டால்தான் நன்கு வேலை செய்யும். வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. சினைப்பைச் சுரப்புகளைச் சீர்படுத்தும் மாத்திரைகள் அடுத்த படி. இவை கர்ப்பத்தடை மாத்திரைகளே என்பதனால், கல்யாணமாகாத பெண்ணுக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்தால் வீட்டில் பிரளயம் உண்டாகிறது. சீட்டைக் கிழித்துப் போட்ட தகப்பனார் ஒருவரை நாம் அறிவோம். விடாய் மூன்று மாதத்துக்கு மேல் வராமலிருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் பின்னால் கெடுதலுக்கு இடமாகலாம். அதைத் தடுக்கவும், எண்டோமெட்ரியோஸிஸின் வலியைத் தணிக்கவும் இதே வர்க்க மருந்துகள் உதவுகின்றன. இடுப்புத் தசைகள் வருஷக்கணக்கில் வலியில் இறுகிப்போனவர்களுக்குப் பிஸியோதெரபி உண்டு. அது வேண்டும் என்று கேட்பவர் நம் ஊரில் அரியர்.

உடலை இளைக்கச் செய், எல்லாம் போய்விடும் என்கிற உபதேசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்த உடலுள்ளவர்களுக்கு எடை குறைவது விடாய் சீர்படவும் நீரிழிவைத் தள்ளிப்போடவும் உதவும் என்பது மெய். ஆனால் மெலிந்த பெண்களுக்கும் பிஸிஓஎஸ் வருகிறது. உடல் பருமனைச் சொல்லி அவமானப்படுத்துவதே நோயாளிக்குத் தீங்கு என்பதை 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி நூல் எடுத்துக்காட்டி, இவ்வியாதி உள்ளவர்களிடம் மனச்சோர்வையும் கவலையையும் வைத்தியர்கள் விசாரித்தறிய வேண்டும் என்றும் சொல்லுகிறது. அடிவயிற்று வலியோடு வந்தவளை எடைக்கல் மேல் நிறுத்திவிட்டு அனுப்புவது வைத்தியமாகாது.

வீட்டில் கேளாத வலி தொழிற்சாலைக்குப் போனால் என்ன ஆகிறது? தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களை விசாரித்துத் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் பௌண்டேஷன் 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னவர்களுக்கு வேலை ஸ்தலத்திலேயே, பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள், வைத்தியம் படியாதவர்கள் கையால் கொடுக்கப்பட்டு வந்தன என்பது அதன் சாரம். மாத்திரையின் பெயரும் தெரியாது, அளவும் தெரியாது. இயந்திரம் நிற்கக்கூடாது என்பது ஒன்றே கொடுத்தவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். அந்தச் செய்தியைப் படித்தபோது நாம் மிகவும் கொதித்தோம். நமது கணக்கர் அம்மாள் மேஜைக்கடியில் மூன்று மூன்றாக விழுங்கியதற்கும் அதற்கும் வேற்றுமை எவ்வளவு என்பதை இப்போது யோசிக்கிறோம்.

மஹாராஷ்டிர மாகாணத்தில் பீட் ஜில்லா இருக்கிறது. கரும்பு வெட்டக் குடும்பம் குடும்பமாக வெளியூர் போகும் ஏழைகள் நிறைந்த பிரதேசம். அங்கே வேலைக்கு ஒரு நாள் வராவிட்டால் அபராதம் கட்ட வேண்டும். கரும்பு வெட்டும் பெண்களில் விசாரிக்கப்பட்ட 82 ஆயிரத்துச் சொச்சம் பேரில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் என்று 2019-ல் ஸர்க்கார் நியமித்த குழு கண்டது. வலியும் வெள்ளைப்படுதலும் என்று போனவர்களுக்கு, இளவயதிலேயே, எடுத்துவிடு, தொல்லை தீர்ந்தது என்று சொல்லப்பட்டிருக்கிறது. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய ஸர்க்கார் வகுத்த விதிகளை மூன்று மாதத்திற்குள் ஒவ்வொரு ராஜ்யமும் அமுலுக்குக் கொண்டுவர வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்த விதிகளின்படி தங்கள் ஜில்லாவில் மேற்பார்வைக் கமிட்டி கூடுகிறதா, கணக்கு வைக்கிறதா என்று கேட்க நேயர்களுக்கு உரிமையுண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாயில் ஒரு மனுப் போட்டால் போதும்.

லீவு விஷயத்தில் அபிப்பிராய பேதம் இருக்கிறது. ஜப்பானில் 1947-ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டமே இதற்கு இடம் தந்தது. பீஹார் ஸர்க்கார் 1992 முதல் தன் பெண் உத்தியோகஸ்தர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்து வருகிறது. தேச முழுதுக்கும் இப்படி வேண்டுமென்று கேட்ட மனுவை 2024 ஜூலையில் விசாரித்த சுப்ரீம் கோர்ட்டு, இது ஸர்க்கார் தீர்மானிக்க வேண்டிய கொள்கை என்றும், கட்டாய லீவு வந்தால் முதலாளிகள் பெண்களை வேலைக்கு வைக்கத் தயங்கக்கூடும் என்றும் சொல்லிற்று. இந்தப் பயம் வெறும் கற்பனை என்று நாம் சொல்ல மாட்டோம். முதலாளிகளின் மனம் நமக்குத் தெரியும், நாமும் ஒரு சிறு முதலாளியே. ஆனால் இதே வாதத்தைப் பிரசவ லீவுக்கு எதிராகவும் சொல்லலாம். அப்படியிருந்தும் 1961-ல் அதற்குச் சட்டம் வந்தது. 2017-ல் 12 வாரம் 26 வாரமாயிற்று. பயத்தைக் கண்டு உரிமையைக் குறைப்பதற்குப் பதிலாக, லீவின் செலவில் ஒரு பங்கை ஸர்க்காரோ தொழிலாளர் இன்ஷூரன்ஸ் நிதியோ ஏற்றால் முதலாளியின் தயக்கத்திற்குக் காரணமே இராது. அன்றியும், கட்டாய லீவு என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினால் அது பழைய விலக்கின் புதிய பதிப்பாகிவிடலாம் என்று சொல்லும் பெண்களும் உண்டு. அவர்கள் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது. கேட்பவருக்குக் கேள்வியின்றிக் கொடுப்பது, கேளாதவரை வற்புறுத்தாமலிருப்பது என்பதே நமது கக்ஷி.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஆசனம் போட வேண்டுமென்று தமிழ்நாட்டுச் சட்டசபை 2021-ல் சட்டம் செய்தது. ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு அந்த ஆசனம் உண்மையில் இருக்கிறதா, இருந்தால் அதில் உட்கார விடுகிறார்களா என்று, அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும் நேயர்கள் கண்ணால் பார்த்து வரலாம். தொழிற்சங்கத்தில் வேலை செய்கிறவர்கள், மில்லில் கொடுக்கும் மாத்திரையின் பெயர் என்ன, எழுதிக் கொடுத்த வைத்தியர் யார் என்று கேட்டுப் பதிவு செய்யலாம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஸ்திரீகளின் வியாதிகளில் தேர்ந்த வைத்தியர் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார் என்று விசாரிக்கலாம்.

நமது காரியாலயத்தில் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, கேட்கிற பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுப்பதென்று தீர்மானித்து, அறிவிப்பை நாமே எழுதி, ஒட்டுவதற்கு முன் கணக்கர் அம்மாளிடம் காட்டினோம். ‘தகுந்த வைத்திய அத்தாட்சியின் பேரில்’ என்று நாம் எழுதியிருந்த நான்கு வார்த்தைகளை அவர் சிவப்பு மையால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம்.